நீண்ட ஆயுள் குடும்பத்தில் வருமா? 98 வயது அம்மம்மாவும் 54 வயதில் இறந்த அப்பாவும்

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவருடைய அம்மம்மாவுக்கு இப்போது 98 வயது. தம்பலகாமத்தில் பெரியம்மாவோடு இருக்கிறார். பார்வை மங்கிவிட்டாலும் தானே எழுந்து நடக்கிறார், சுளகு எடுத்து அரிசி புடைக்கிறார். அம்மம்மாவின் தமக்கையும் 95 வயது வரை இருந்தாராம். ஆனால் தம்பியின் அப்பா 54 வயதில் மாரடைப்பால் இறந்துவிட்டார், சித்தப்பாவுக்கு 50 வயதிலேயே பைபாஸ் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. தம்பிக்கு வயது 36. தமக்கு வாய்த்திருப்பது அம்மம்மாவின் உடம்பா அப்பாவின் உடம்பா, நீண்ட ஆயுளுக்கென்று மரபணு ஏதும் உண்டா, உமிழ்நீரை வெளிநாட்டுக்கு அனுப்பிச் செய்யும் பரிசோதனையில் அது தெரியவருமா என்பவை அவருடைய கேள்விகள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூறு வயதை எட்டவைக்கும் மரபணுவைத் தேடி நீங்கள் பணம் செலவழிக்க வேண்டாம். உங்கள் குடும்பத்தில் தேட வேண்டியது, ஐம்பதுகளில் ஆளைச் சாய்க்கும் மரபணு இருக்கிறதா என்பதைத்தான். முதலாவதைத் தெரிந்துகொண்டாலும் அதை வைத்து நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இரண்டாவதைத் தெரிந்துகொண்டால் செய்வதற்கு நிறைய இருக்கிறது, அதில் பெரும்பகுதியைத் திருகோணமலையை விட்டு வெளியே போகாமலே செய்யலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீண்ட ஆயுளைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் வயதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் அதிகம் தவறு நடந்த இடம் அதுதான். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டிலிருந்தே இருந்தாலும், வீட்டில் மருத்துவிச்சி கையில் பிறந்த கிராமத்துப் பிள்ளைகள் பலர் பதியப்படாமலே வளர்ந்து, பிற்காலத்தில் உத்தேச வயதுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட சான்றிதழில் உள்ள ஆண்டு சரியாகவும் இருக்கலாம், ஐந்தாறு வருடம் கூடியோ குறைந்தோ இருக்கலாம். இந்த நிலை நமக்கு மட்டும் உரியது அல்ல. பதிவேடுகளுக்குப் பெயர்போன ஜப்பானிலேயே 2010இல் தேடிப் பார்த்தபோது, நூறு வயதைத் தாண்டி உயிரோடு இருப்பதாக ஏட்டில் இருந்த 230,000க்கும் மேற்பட்டவர்கள் எங்கே என்றே தெரியவில்லை. அமெரிக்க மாநிலங்களில் பிறப்புப் பதிவு முறையாக நடைமுறைக்கு வந்த பிறகு, 110 வயதைத் தாண்டியவர்களாகக் கணக்கில் வந்தோரின் தொகை 69 முதல் 82 சதவீதம் வரை சரிந்ததை சோல் நியூமன் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். ஆகவே, ‘இந்த ஊரில் எல்லோரும் நூறு வயது வாழ்கிறார்கள்’ என்று வரும் செய்திகளை நான் பதிவேட்டைப் பார்க்காமல் நம்புவதில்லை.

உங்கள் அம்மம்மாவின் வயதை அப்படிச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ‘ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு முந்திய வருசம் நான் பெரியபிள்ளையானேன்’ என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனக்குடா மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 9ஆம் தேதி. அதற்கு முந்திய வருடம் அவருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது என்று வைத்தால், 1927 அல்லது 1928இல் பிறந்திருக்க வேண்டும். கணக்குப் பொருந்துகிறது. எங்கள் பக்கத்து முதியவர்களின் வயதை மதிப்பிட அந்த ஏப்ரல் மாதத்தை விட நல்ல அடையாளம் வேறு இல்லை, ஊரே இடம்பெயர்ந்து ஓடிய நாளை யாரும் மாற்றிச் சொல்லமாட்டார்கள்.

இனி, ஆயுளில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு வருவோம். 1996இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்று இன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 1870க்கும் 1900க்கும் இடையில் பிறந்த 2,872 இரட்டையர் சோடிகளை இறப்பு வரை தொடர்ந்து, ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையரின் ஆயுள் எவ்வளவு ஒத்திருக்கிறது, இரு கருவிலிருந்து வந்த இரட்டையரின் ஆயுள் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று அது ஒப்பிட்டது. மனிதருக்கு மனிதர் ஆயுளில் காணப்படும் வேறுபாட்டில் ஆண்களில் 26 சதவீதமும் பெண்களில் 23 சதவீதமும் மரபுவழி வந்தது என்பது அதன் முடிவு. 2018இல், இணையத்தில் மக்கள் தாமே பதிந்த வம்சாவளித் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட வேறொரு பெரிய ஆய்வு இந்தப் பங்கை ஏறத்தாழ 16 சதவீதமாகக் குறைத்தது. அதே ஆண்டில் வந்த மூன்றாவது ஆய்வு, அது 10 சதவீதத்துக்கும் குறைவு என்றது.

மூன்றாவது ஆய்வு ஏன் அவ்வளவு தாழ்ந்த எண்ணைத் தந்தது என்பது நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும். இரத்த உறவே இல்லாத சம்பந்திகளின் ஆயுளும் மைத்துனர்களின் ஆயுளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதை அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். மணம் செய்துகொள்கிறவர்கள் தங்களைப் போன்றவர்களையே தேடிக்கொள்கிறார்கள் என்பதே காரணம். நாம் சம்பந்தம் பேசும்போது ஊர், தொழில், படிப்பு, வசதி, குடிப்பழக்கம் உண்டா இல்லையா என்பதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் சாதகத்தையே கையில் எடுக்கிறோம். ஆகவே ஒரு குடும்பத்தில் எல்லோரும் நீண்டகாலம் வாழ்ந்தால், அது அவர்களுடைய இரத்தத்தால் மட்டுமல்ல, அந்தக் குடும்பத்துக்கு வாய்த்த சோற்றாலும் தண்ணீராலும் படிப்பாலும் நிகழ்ந்திருக்கக்கூடும்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் வலுவான வாதம் உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஊரி அலோன் குழுவினர் அண்மையில் டென்மார்க், சுவீடன் இரட்டையர் தரவுகளை மறுபடி எடுத்து, விபத்து, தொற்றுநோய் போன்ற வெளிக்காரணங்களால் நேர்ந்த இறப்புகளின் தாக்கத்தைக் கணக்கிலிருந்து பிரித்துப் பார்த்தபோது, மரபணுவின் பங்கு ஏறத்தாழ 50 சதவீதமாக உயர்ந்தது. அவர்களுடைய காரணம் நியாயமானது. ஒரே மரபணுவோடு பிறந்த இருவரில் ஒருவர் முப்பது வயதில் காய்ச்சலில் இறந்து மற்றவர் தொண்ணூறு வரை இருந்தால், கணக்கு ‘மரபணுவால் பயனில்லை’ என்று காட்டிவிடும், உண்மையில் அங்கே மரபணுவுக்குத் தன் வேலையைச் செய்ய அவகாசமே கிடைக்கவில்லை.

திருகோணமலையில் இருந்துகொண்டு இந்த வாதத்தைப் படிக்கும்போது அது வெறும் கணிதமாகத் தெரிவதில்லை. 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியா இந்தத் தீவில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. பிறகு முப்பது ஆண்டு யுத்தம். 2004 டிசம்பர் 26இல் கடல். மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் அன்று போனவர்களின் உடலில் எத்தனை வயது வரை வாழும் வல்லமை இருந்தது என்பதை எந்த ஆய்வாலும் சொல்லமுடியாது. ஆகவே உங்கள் குடும்ப மரத்தை வரையும்போது, ஷெல்லிலும் கடலிலும் பிரசவத்திலும் இறந்தவர்களின் வயதை ‘குறைந்த ஆயுள்’ என்று எழுதாதீர்கள். அவர்களை வேறு நிறத்தில் குறியுங்கள், அவர்களைக் கொண்டு மரபணுவைப் பற்றி எந்த முடிவுக்கும் வரமுடியாது.

இந்தச் சதவீதங்கள் எல்லாம் ஒரு சமூகத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றியவை, தனி மனிதருடைய ஆயுளைப் பங்கு பிரித்துக் காட்டுபவை அல்ல. இலங்கையில் 1940களின் நடுப்பகுதியில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 45க்கும் குறைவு, இன்று அது 75ஐத் தாண்டிவிட்டது. இந்த முப்பது ஆண்டு உயர்வில் மரபணுவுக்குப் பங்கே இல்லை, அத்தனை குறுகிய காலத்தில் ஒரு சமூகத்தின் மரபணுக்கள் அந்த அளவுக்கு மாறமாட்டா. மலேரியாக் கட்டுப்பாடும் இலவச வைத்தியமும் பெண்கல்வியும் மருத்துவிச்சிகளும் தடுப்பூசியும் சேர்ந்து செய்த வேலை அது.

நீண்ட ஆயுளுக்கென்றே ஒரு மரபணுவை இயற்கை ஏன் உருவாக்கி வைக்கவில்லை என்று கேட்பீர்கள். இதற்கான விடையைப் பிரித்தானிய உயிரியலாளர் பீட்டர் மெடவர் 1952இல் தெளிவாகச் சொன்னார். பிள்ளை பெற்று வளர்த்த பிறகு ஓர் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை இயற்கைத் தேர்வு பெரும்பாலும் கவனிப்பதில்லை. இருபதில் கொல்லும் விகாரம், அதாவது மரபணுவில் நேரும் மாற்றம், அடுத்த தலைமுறைக்குப் போகாமல் அழிந்துவிடும். அறுபதில் கொல்லும் விகாரமோ அதற்குள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். நம் தெற்காசியரிடமே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இதயத்தசைப் புரதம் ஒன்றுக்கான எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வடிவம், இந்தியத் துணைக்கண்டத்தவரில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் இருப்பதாக 2009இல் பெருந்துறை தண்டபாணி உள்ளிட்ட ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நடுத்தர வயதுக்குப் பிறகு இதயத்தசை நலிவதோடு அதற்குத் தொடர்பு இருந்தது. அதனால் வரும் ஆபத்து முதலில் எண்ணிய அளவுக்கு இல்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் இருபத்தைந்து பேரில் ஒருவரிடம் அது பரவி நிற்பதே, பிந்திய வயதில் தீங்கு செய்யும் விகாரங்களை இயற்கை எவ்வளவு இலகுவாக விட்டுவிடுகிறது என்பதற்குச் சான்று.

இப்படியிருந்தும், முதிய வயதை எட்டியவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட மரபணுக்கள் இரண்டு உண்டு. முதலாவது, 19ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள அபோஈ. இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் 299 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்துக்கான கட்டளை அது. அந்த 299இல் 112ஆம் இடத்திலும் 158ஆம் இடத்திலும் வருவது சிஸ்டீனா ஆர்ஜினினா என்பதைப் பொறுத்து அதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. இரண்டு இடத்திலும் சிஸ்டீன் என்றால் ஈ2, முதலிடத்தில் மட்டும் சிஸ்டீன் என்றால் ஈ3, இரண்டிலும் ஆர்ஜினின் என்றால் ஈ4. நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது ஈ3. ஈ4 உள்ளவர்களுக்கு அல்சைமர் என்னும் மறதிநோய் வரும் வாய்ப்பும் இதயநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். 1994இல் பிரான்சில் நூறு வயதைக் கடந்தவர்களைப் பரிசோதித்தபோது அவர்களிடையே ஈ4 குறைவாகவும் ஈ2 கூடுதலாகவும் இருந்தன. அதாவது ஈ4 உள்ளவர்கள் வழியிலேயே கழிந்துபோக, மற்றவர்கள் எஞ்சினார்கள். நீண்ட ஆயுள் மரபணு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான், ஆயுளைக் கூட்டும் வடிவம் இருப்பதை விட, ஆயுளைக் குறைக்கும் வடிவம் இல்லாதிருப்பதே அங்கே வேலை செய்கிறது.

இரண்டாவது, 6ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள பொக்ஸ்ஓ3. இதன் கதை ஒரு புழுவில் தொடங்குகிறது. ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள, மண்ணில் வாழும் அந்த உருண்டைப்புழு வகை சுமார் மூன்று வாரமே வாழும். 1993இல் சிந்தியா கென்யன் குழுவினர், டாஃப்-2 என்ற ஒரே ஒரு மரபணு பழுதான புழுக்கள் இருமடங்கு காலம் வாழ்வதைக் கண்டார்கள். இன்சுலின் போன்ற சமிக்ஞைகளை வாங்கும் மரபணு அது. அந்தச் சமிக்ஞை தணியும்போது இன்னொரு மரபணு விழித்துக்கொண்டு, கலங்களைப் பழுதுபார்க்கும் வேலைகளை முடுக்கிவிடுகிறது. மனிதரில் அதற்கு இணையானதே பொக்ஸ்ஓ3. 2008இல் ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் செய்யப்பட்ட ஆய்வில், இதன் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அதை அறவே பெறாதவர்களை விட 95 வயதை எட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்காக இருந்தது. பல நாடுகளில் இது மறுபடி உறுதிப்பட்டிருக்கிறது. ஆயினும், புழுவில் இருமடங்காகிய ஆயுள் மனிதரிலும் அப்படியே ஆகும் என்று எண்ணிவிடக்கூடாது. ஈக்குவடோர் நாட்டில் வளர்ச்சி ஹோர்மோனை உடல் ஏற்காததால் அந்த இன்சுலின் போன்ற சமிக்ஞை குறைந்திருக்கும் லரோன் குறைபாடு உள்ள ஒரு சமூகத்தவரை இரண்டு தசாப்தங்களுக்கு மேலாகக் கவனித்து 2011இல் எழுதினார்கள். அவர்களுக்குப் புற்றுநோயும் நீரிழிவும் ஏறக்குறைய வருவதே இல்லை, ஆனால் அவர்கள் மற்றவர்களை விட நீண்டகாலம் வாழவும் இல்லை.

இவற்றை விட எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுவது வேறொரு வகை ஆய்வு. இலட்சக்கணக்கானவர்களின் மரபணுவைப் படித்து, அவர்களுடைய தாய் தந்தையர் எத்தனை வயதில் இறந்தார்கள் என்பதோடு பொருத்திப் பார்த்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெற்றோரின் ஆயுள்கள் இப்படி ஆராயப்பட்டன. அங்கே வந்தவை முதுமையின் மர்மத்தைத் திறக்கும் புது மரபணுக்கள் அல்ல. அபோஈ வந்தது. எல்பிஏ வந்தது, அது லிப்போபுரதம்-ஏ என்ற, இரத்தக்குழாயை அடைக்கும் கொழுப்பின் அளவை நிர்ணயிப்பது. 9ஆம் நிறமூர்த்தத்தில் மாரடைப்போடு தொடர்புடையதென்று ஏற்கெனவே தெரிந்திருந்த பகுதி வந்தது. 15ஆம் நிறமூர்த்தத்தில், நிக்கொட்டின் ஒட்டும் ஏற்பிக்கான மரபணு வந்தது. இந்தக் கடைசியை நன்றாகக் கவனியுங்கள். அந்த வடிவம் உள்ளவர்கள் சிகரெட்டைத் தொட்டால் அதிகம் புகைப்பார்கள், அதனால் முந்தி இறப்பார்கள். சிகரெட்டைத் தொடாதவரிடம் அதே மரபணு ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. மரபணு என்றவுடன் தலையெழுத்து என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

இப்படிக் கிடைத்த எல்லாக் குறிகளையும் கூட்டி ஒருவருக்கு மதிப்பெண் இட்டால், உச்சியில் உள்ள பத்து சதவீதத்தினருக்கும் அடியில் உள்ள பத்து சதவீதத்தினருக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து ஆண்டு வித்தியாசம் வருகிறது. அதுவும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பெற்ற கணக்கு. நம்மவரிடம் அதே மதிப்பெண் அதே அளவுக்குப் பொருந்தாது.

நூறைக் கடந்தவர்களிடம் தீய மரபணுக்களே இருக்காது என்ற எண்ணமும் பிழையானது. நெதர்லாந்தின் லெய்டனில் செய்த ஆய்வில், நீரிழிவு, இதயநோய், புற்றுநோய் ஆகியவற்றோடு தொடர்புள்ள வடிவங்கள் நீண்ட ஆயுள் பெற்றவர்களிடமும் மற்றவர்களைப் போலவே காணப்பட்டன. நியூயோர்க்கில் நிர் பார்சிலாய் குழுவினர் ஆராய்ந்த அஷ்கெனாசி யூத முதியவர்களில் பலர், தம் வயதொத்த மற்றவர்களைப் போலவே புகைத்தும் உடல் பருத்தும் இருந்தவர்கள். இந்தச் செய்தி பத்திரிகையில் வந்தால் ‘அப்போ நாமும் குடிக்கலாம், புகைக்கலாம்’ என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். அந்த முதியவர்களிடம் இருந்த பாதுகாப்பு அவர்களுடையது. அதே பழக்கத்தோடு வாழ்ந்து அறுபதில் போனவர்கள் அந்த ஆய்வுக்குள் வரவே இல்லை.

டெலோமியர் பற்றியும் ஒரு வரி, பலர் அதைக் கேட்கிறார்கள். நிறமூர்த்தத்தின் நுனியில் உள்ள அந்தப் பகுதி வயதோடு தேய்வது உண்மை, அது நிறமூர்த்தத்தைக் காக்கும் விதத்தைக் கண்டவர்களுக்கு 2009இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் 2024 ஓகஸ்டில் 117 வயதில் காலமான ஸ்பெயினின் மரியா பிரனியாஸின் உடலை ஆராய்ந்தபோது அவருடைய டெலோமியர்கள் மிகக் குட்டையாகவே இருந்தன. அதன் நீளத்தை அளந்து ஆயுளைச் சொல்கிறோம் என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

உமிழ்நீர்ப் பரிசோதனைக்கும் இதே பதில்தான். 2010இல் ‘சயன்ஸ்’ இதழில், 150 மரபணுக் குறிகளைக் கொண்டு ஒருவர் நூறு வயதை எட்டுவாரா என்பதை 77 சதவீதம் சரியாகச் சொல்லலாம் என்று ஓர் ஆய்வு வெளிவந்து உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. மரபணுவைப் படித்த கருவிகளில் இருந்த குறைபாடு பிறகு தெரியவந்து, 2011இல் அந்தக் கட்டுரை மீளப்பெறப்பட்டது. திறமையும் நேர்மையும் உள்ள ஒரு குழுவுக்கே அப்படி நேர்ந்தது என்றால், விளம்பரத்தில் வரும் ‘ஆயுள் அறிக்கை’யின் தரத்தை நீங்களே ஊகிக்கலாம். இன்னொன்றும் உண்டு. இந்தத் துறையில் பெயர்பெற்ற 23அண்ட்மீ நிறுவனம் 2025 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியபோது, அதனிடம் உமிழ்நீர் கொடுத்த சுமார் 15 மில்லியன் பேரின் மரபணுத் தரவு யார் கைக்குப் போகும் என்ற கவலை எழுந்தது. உங்கள் மரபணுவைக் கொடுத்தால் உங்கள் பிள்ளையின் பாதியையும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள்.

இனி உங்கள் குடும்பத்துக்கு வருகிறேன். அம்மம்மாவின் மரபணுவில் ஏறத்தாழ கால் பங்குதான் உங்களிடம் இருக்கிறது, எந்தக் கால் என்பது ஒவ்வொரு பேரப்பிள்ளையிலும் மாறும். அவருடைய நீண்ட ஆயுளுக்குப் பல சிறிய வடிவங்கள் ஒன்றுசேர்ந்து துணைசெய்திருந்தால், அவற்றில் பெரும்பகுதி உங்களுக்கு வந்து சேரவில்லை. ஆனாலும் அம்மம்மாவின் தமக்கையும் 95 வரை இருந்தார் என்பது சிறிய விஷயமல்ல. பொஸ்டனில் தோமஸ் பேர்ல்ஸ் நடத்திவரும் நூறு வயதினர் ஆய்வில், நூறை எட்டியவர்களின் சகோதரர்கள் தாமும் நூறை எட்டும் வாய்ப்பு பொதுமக்களை விட 17 மடங்காகவும் சகோதரிகளின் வாய்ப்பு 8 மடங்காகவும் இருந்தன. ஒரே ஒருவர் நீண்டகாலம் வாழ்ந்தால் அது தற்செயலாக இருக்கலாம், ஒரு தலைமுறையில் பலர் அப்படி வாழ்ந்தால் அங்கே இரத்தத்தில் ஏதோ இருக்கிறது. எனவே அம்மம்மாவின் மற்றச் சகோதரர்களையும் அம்மாவின் சகோதரர்களையும் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த மரபு உங்கள் அம்மாவிடம் வந்திருந்தால் பெரும்பாலும் எண்பதுக்குப் பிறகே அது வெளிப்படும். அதன் பயன் உங்களுக்கும் கிடைக்க வேண்டுமானால், நீங்கள் முதலில் எண்பதை எட்ட வேண்டும்.

அங்கேதான் அப்பாவின் பக்கம் முக்கியமாகிறது. ஆண் ஒருவருக்கு 55 வயதுக்கு முன்னும் பெண் ஒருவருக்கு 65 வயதுக்கு முன்னும் இதயநோய் வந்தால், அதை முற்கூட்டிய இதயநோய் என்று வைத்தியர்கள் வகுக்கிறார்கள், அவருடைய பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் கூடுதல் ஆபத்து உள்ளவர்களாகக் கருதப்பட வேண்டும். உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு பேருமே அந்த வரம்புக்குள் வருகிறார்கள். இதற்காக அஞ்சிவிட வேண்டாம். இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாடுகளையும் உள்ளடக்கிய இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும் மற்ற நாட்டவர்க்கு ஏறத்தாழ 59 வயதிலும் வந்ததென்று 2007இல் எழுதினார்கள். ஆனால் அந்த ஆறு ஆண்டு இடைவெளியின் பெரும்பகுதியை, புகைத்தல், இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, வயிற்றுப் பருமன், உடலுழைப்பின்மை ஆகியவை நம்மவரிடம் இளவயதிலேயே கூடிவிடுவதைக் கொண்டே விளக்கிவிட முடிந்தது. அப்பாவும் சித்தப்பாவும் புகைத்தவர்களா, சீனி வருத்தம் இருந்ததா என்பதை அம்மாவிடம் கேளுங்கள். இருவரும் புகைத்து, நீரிழிவும் இருந்திருந்தால் மரபணுவின் மீது பழி போடுவதற்கு அவ்வளவு காரணம் இல்லை. அப்படி ஒன்றும் இல்லாமலே ஐம்பதில் அடைப்பு வந்திருந்தால், சந்தேகம் மரபணுவின் பக்கம் திரும்புகிறது.

அந்தச் சந்தேகத்தில் முதலிடம் பெறுவது குடும்பவழிக் கொலஸ்ட்ரோல் மிகை. ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கும் இந்தக் குறைபாட்டில், தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்த ஒரே ஒரு பழுதான மரபணுப் பிரதி போதும், பிறந்த நாளிலிருந்தே இரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் கூடியிருக்கும். உணவைக் கட்டுப்படுத்தினால் மட்டும் அது இறங்காது. நல்ல மெலிந்த, சுறுசுறுப்பான ஆட்களிடமும் இருக்கும், அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. சிலரில் வெளியடையாளம் தெரியும். குதிக்காலுக்கு மேலே உள்ள தசைநாண் விரலால் பிடித்துப் பார்த்தால் தடித்து முடிச்சு முடிச்சாக இருக்கும், நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம் தோன்றும். சித்தப்பா இருக்கிறார் அல்லவா, அவருடைய குதிக்காலைத் தொட்டுப் பாருங்கள். இவ்வளவு தெளிவாகத் தெரியாதவர்களே அதிகம் என்பதால், ஒன்றும் இல்லையென்றாலும் இரத்தப் பரிசோதனையைக் கைவிடக்கூடாது.

இங்கே நம் சமூக வழக்கம் பற்றியும் சொல்லவேண்டும். மச்சாளை மணப்பது நம்மிடையே, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், இன்னும் உண்டு. முதல்முறை மச்சான் மச்சாள் தங்கள் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருக்கிறார்கள். இருவரிடமும் இந்தக் கொலஸ்ட்ரோல் மரபணு ஒவ்வொரு பிரதி இருந்துவிட்டால், பிறக்கும் நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு இரண்டு பிரதியும் வந்துசேரும் வாய்ப்பு உண்டு, அந்தப் பிள்ளைக்குச் சிறுவயதிலேயே மாரடைப்பு வரலாம். உங்கள் அப்பாவின் பக்கத்திலேயே சம்பந்தம் பேசுவதாக இருந்தால், அதற்கு முன் இந்தப் பரிசோதனை இரு வீட்டிலும் நடந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

செய்ய வேண்டியவை இவைதான். இரவு உணவுக்குப் பின் ஒன்றும் உண்ணாமல் காலையில் லிப்பிட் புரொபைல் என்ற இரத்தக் கொழுப்புப் பரிசோதனை எடுங்கள், கூடவே சீனியும் பாருங்கள். பிரசரை வெவ்வேறு நாட்களில் அளந்து எழுதிவையுங்கள். எல்டிஎல் 190 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் தாமதியாமல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். உங்கள் குடும்ப வரலாற்றோடு பார்த்தால் 160ஐத் தாண்டுவதே பேசப்பட வேண்டிய எண்தான். லிப்போபுரதம்-ஏ பரிசோதனை எல்லா ஆய்வுகூடங்களிலும் கிடைக்காது, செலவும் கூட. ஆனால் அதன் அளவில் பெரும்பங்கை மரபணுவே தீர்மானிப்பதால் வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். இரத்த மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பிச் செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள். அது கூடியிருந்தால் உணவாலோ, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்தாலோ அது குறையாது, ஆயினும் எல்டிஎல், பிரசர் போன்ற மற்றவற்றை இன்னும் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். எல்டிஎல்லைக் குறைப்பதன் பலன் எவ்வளவு என்பதற்கும் இயற்கையே சான்று தந்திருக்கிறது. பிசிஎஸ்கே9 என்ற மரபணு பழுதாகிப் பிறந்ததால் வாழ்நாள் முழுக்க எல்டிஎல் 28 சதவீதம் குறைவாக இருந்த கறுப்பின அமெரிக்கர்களிடம், இதயக்குழாய் நோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2006இல் கண்டார்கள். முப்பதுகளில் தொடங்கும் சிகிச்சை, அறுபதில் தொடங்கும் சிகிச்சையை விடப் பலமடங்கு பயன் தருவது இதனால்தான்.

உங்கள் எல்டிஎல் இந்தக் குடும்பவழிக் குறைபாட்டால் கூடியிருந்தால், தங்கை தம்பிக்கும் அதே மரபணு வந்திருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று, உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே. பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள் பரிசோதித்துவிடுங்கள். சித்தப்பாவின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தாலும், அழைத்துச் சொல்லிவிடுங்கள். உங்கள் எல்டிஎல் சாதாரணமாக இருந்தாலும் அவர்களுடையது அப்படி இருக்கவேண்டுமென்பதில்லை. ஆகவே உங்கள் அறிக்கை வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே ஆளுக்கொரு லிப்பிட் புரொபைல் எடுத்துவிடட்டும்.